ஃபிளாஸ்க் சார்

காபி வேண்டாம் மேடம், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பையில் ஃபிளாஸ்க் இருக்கிறது. காலையில் திருப்பதிக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால் நானே டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்சி, ஊற்றிக்கொண்டு வந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் என் வழக்கம். வெளி ஆள் கையால் ஒரு வாய் காபி, அரை டம்ளர் மோர், ஒரு வெற்றிலைகூட நான் வாங்கியது கிடையாது. விசாரணைக்கு வந்த இடத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டால் நன்றாக இருக்காது.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நன்றி. நீங்களும் புத்தூர்ப் பக்கம் என்று கேள்விப்பட்டேன். டைப் செய்கிற தம்பி பிரவீன் அதைத் தெலுங்கில் போட்டுக்கொள்ளட்டும். நான் நிதானமாகவே பேசுகிறேன். என் பெயர் வேதாச்சலம். தாசில்தார், இப்போதைக்கு சஸ்பென்ஷனில் இருக்கும் தாசில்தார். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. புயல் மழை கொட்டிய அந்த நாளில், மதியத்திலிருந்து சாயங்காலம் வரை நான் எங்கே இருந்தேன் என்பது. அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அதை எடுத்த எடுப்பில் சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் நான் வகுப்பெடுத்த பயிற்சி மையம் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் கிராமச் செயலர்களுக்கு அரசு ஊழியரின் நெறிமுறை என்று ஒரு வகுப்பு உண்டு. அதை எடுக்க வருடா வருடம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போனதும் ஃபிளாஸ்க்கை மேஜைமேல் வைப்பேன். "இன்றைக்குப் பாடம் இவ்வளவுதான்" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு ஃபிளாஸ்க் சார் என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை, பெருமைதான்.

போன வகுப்பில் தரணி என்ற பெண் எழுந்து நின்றாள். பலமனேர்க்காரி, துடுக்கான பெண். "சார், சொந்தக்காரங்க வூட்ல துன்னலாமா?" என்றாள். தாராளமாகச் சாப்பிடு, வெளி ஆளிடம்தான் கூடாது என்றேன். விடவில்லை. "யாரு வெளி ஆளு, யாரு நம்ம ஆளுன்னு எப்பிடி சார் தெரியும்?" என்றாள். அது தானாகவே தெரியும், உட்கார் என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

இனி ஏரி விஷயம். எங்கள் மண்டலத்துப் பெரிய ஏரியை நீங்கள் மேப்பில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் நீளமான கரை. கரைக்குக் கீழே வயலும் மாந்தோப்பும் வைத்திருக்கிற ஊர்கள். கரையின் ஓரத்தில் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியே போகிற இடம். அங்கே கல்தூண்களுக்கு நடுவே மரப்பலகைகளைச் சொருகி வைப்பார்கள். பலகை இருந்தால் தண்ணீர் தேங்கும், எடுத்தால் போய்விடும். கீழே விவசாயம் செய்கிறவனுக்குப் பலகை இருக்க வேண்டும். ஏரிக்கு உள்ளே குடியிருக்கிறவனுக்குப் பலகை போக வேண்டும். இதில் வருடா வருடம் மண்டை உடையும். அதனால் தாசில்தார் நேரில் வந்து நின்று சொன்னால்தான் பலகையைத் தொடுவது என்று ஒரு ஏற்பாடு. எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் ஒரே ஒரு முறை தவிர யாரும் மீறியதும் இல்லை.

ஏரிக்கு உள்ளே யார் குடியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஃபைல் பார்த்திருக்கிறீர்கள். உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்குகிற பக்கத்தில், ஒரு மேடு, அதில் மண்வீடுகள். வேப்பமிட்டா என்று அவர்களாகவே பெயர் வைத்துக்கொண்டார்கள், மிட்டா என்றால் மேடு. முன்பு அவர்கள் இருந்த இடம் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டது. பட்டா இல்லாததால் மாற்று இடம் எதுவும் கொடுக்கவில்லை. வந்து ஏரியில் உட்கார்ந்துகொண்டார்கள். பாவம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரிக்கார்டில் அது ஊர் அல்ல, ஏரி. நான் ரிக்கார்டின் ஊழியன்.

காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தேன். கோர்ட்டுக்குப் போனார்கள். வேறு இடம் காட்டும்வரை எந்த வீட்டையும் இடிக்கக் கூடாது என்று தடை வாங்கி வந்தார்கள். வேறு இடம் காட்டுவது யார் வேலை? தாசில்தார் வேலை. தேடினேன். ஒன்று மேய்ச்சல் நிலம், ஒன்று பாறை, ஒன்று சுடுகாட்டுக்கு அடுத்தது. எல்லாம் தகுதியில்லை என்று எழுதினேன். பெரிய சாலையோரம் தணிகைவேல் என்பவரின் மாந்தோப்பை ஒட்டி அரசு நிலம் கிடக்கிறது, மேட்டு நிலம், அதை ஏன் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பார்த்தேன். போகிற வழியில் தகராறு வரலாம் என்று தோன்றியது, அதனால் அதையும் தகுதியில்லை என்று எழுதினேன். அதை அப்படி எழுதச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. இது பதிவாக வேண்டும்.

கோடையில் ஒருநாள் அளவெடுக்க மிட்டாவுக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். ஜெயம்மா என்ற வயதான பெண், முட்டி வலிக்காரி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். வேண்டாம் என்றேன். "எங்கூட்டுத் தண்ணி குடிச்சா கையெழுத்து போட வராதா சாமி?" என்று கேட்டுச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற அவள் மருமகள் ரூபா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அளவெடுக்க வந்த பையன்கள்கூடச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. அது சாதி விஷயமும் இல்லை, தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

அன்றுதான் இன்னொன்றைக் கவனித்தேன். மிட்டாவிலிருந்து வெளியே வர ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். அதன் குறுக்கே அவர்களே மண்ணும் கல்லும் கொட்டி, ஒரு சிமெண்ட் குழாய் வைத்துப் பாதை போட்டிருந்தார்கள். அனுமதி இல்லாத பாதை. தடை உத்தரவு வீடுகளுக்குத்தான், பாதைக்கு இல்லை. மறுவாரமே ஜேசிபி வைத்து எடுத்துவிட்டேன். ஓடை காய்ந்து கிடந்த காலம் என்பதால் யாரும் பெரிதாகச் சண்டைக்கு வரவில்லை. இறங்கி ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பிறகு புயல் வந்தது. இரண்டு நாள் விடாமல் மழை, கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் காலையில் சீனு ஆபீசுக்கு வந்தான். சீனு எங்கள் தலையாரி. தண்டோரா போடுவது அவன் வேலை. இந்தக் காலத்தில் தப்பட்டை எதற்கு என்று கேட்பீர்கள். கரண்ட் போய் எல்லார் போனும் செத்துக் கிடக்கிற நாளில் தப்பட்டைதான் சர்க்கார். சீனு ஜெயம்மாவின் மகன், ரூபாவின் புருஷன். நல்ல ஊழியன். சொன்னதைச் செய்வான், திருப்பிக் கேட்க மாட்டான்.

கரைக்குக் கீழே இருக்கிற ஊர்களுக்கெல்லாம் போய் எச்சரிக்கை சொல்லச் சொன்னேன். அதுதான் விதி. ஏரி நிரம்பும்போது கரைக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்குத் தண்டோரா போட வேண்டும். அவன் தப்பட்டையை பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"சார், மொதல்ல நம்ம மிட்டால சொல்லிட்டு வந்துடட்டா? ஆத்தாவுக்கு நடக்க முடியாது. ரூபா ஒண்டியா இருக்குது. அவங்கள ஸ்கூலாண்ட வுட்டுட்டு அப்பால போறேன் சார்."

"அத நான் பாத்துக்கறேன் சீனு. நீ போ."

"நெஜமாவா சார்?"

"போய்யா, நேரம் ஆவுது."

போனான். மழையில் அவன் தப்பட்டைச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. கீழ் ஊர்களில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை மேடம். அது அவன் சாதனை, கொஞ்சம் என் சாதனையும்தான்.

மிட்டாவுக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்றால், ஏரிக்கு எச்சரிக்கை கொடுக்க விதியில் இடம் இல்லை. இது முதல் காரணம். இரண்டாவது காரணத்தையும் மறைக்கப் போவதில்லை. சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். முந்தைய வருடம் மழை பிடித்ததுமே மொத்தமாக வந்து, யாரையும் கேட்காமல், பலகைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். ஏரித் தண்ணீர் பாதி வீணாகப் போனது. அதற்காகவே இந்த முறை கலங்கலில் காலையிலேயே இரண்டு கான்ஸ்டபிள்களை நிறுத்தியிருந்தேன்.

மண்வீடு என்பது ஊறினால் தானாக விழும். நான் கை வைத்தால் கோர்ட் என்னைக் கேட்கும். மழை கை வைத்தால் கோர்ட் யாரைக் கேட்கும்? விழுந்த வீட்டுக்குத் தடை உத்தரவு கிடையாது. வீடு போனால் அவர்கள் நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள், சாம்பார் சாதம் கொடுப்போம், போர்வை கொடுப்போம், மழை விட்டதும் ஏரி ஏரியாக இருக்கும். என் மனதில் இருந்தது இவ்வளவுதான். பட்டப்பகலில் நடக்க வேண்டும் என்பதில்கூட நான் கவனமாக இருந்தேன். இருட்டில் என்றால் ஆபத்து என்று எனக்குத் தெரியாதா?

மதியம் கலங்கலிலிருந்து ஸ்ரீஹரி போன் செய்தார். நீர்ப்பாசனத் துறை இன்ஜினியர், சின்ன வயசு, கொஞ்சம் பதற்றக்காரர். பைக்கில் சார்ஜ் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், தண்ணி பலகை மட்டத்துக்கு வந்துச்சு. தூக்கிடலாமா?"

நான் வந்து பார்க்கிறேன் என்றேன்.

"சார், மிட்டால ஆளுங்க இருக்காங்க. ஓடை முழுசா ஓடிக்கினு இருக்குது, அந்தப் பாதையும் இல்ல. அவங்க வெளிய வர்றதுக்கு வழியே இல்ல சார். நாலு பலகை எடுத்தாக்கூட எறங்கிடும்."

நான் வரும்வரை பலகையில் யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். "எப்ப சார் வருவீங்க?" என்றார். வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவர் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

இதை நீங்கள் அவர் வாயால் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். நான் மறுக்கப்போகிறேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மறுக்கவில்லை. பாதை இல்லை என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? எடுத்தவனே நான்தானே. ஓடை ஓடினால் மேட்டில் இருக்கிறவர்கள் மேட்டிலேயே இருக்க வேண்டியதுதான் என்பது தெரியும். ஏரி ஏறினால் மேடு சிறுத்துக்கொண்டே போகும் என்பதும் தெரியும். தெரிந்துதான் பலகையைத் தொடாதே என்றேன். பிரவீன், இந்த வரியை நான் சொன்னபடியே போடு தம்பி, மெருகெல்லாம் வேண்டாம்.

சாயங்காலம் நான் போய்ப் பலகைகளை எடுக்கச் சொன்னேன். எடுத்ததும் ஸ்ரீஹரி சொன்னது சரிதான், தண்ணீர் மளமளவென்று இறங்கியது. படகு வந்தது. பெரும்பாலானவர்களை வேப்பமரத்திலிருந்தும் கோவில் கூரையிலிருந்தும் இறக்கினார்கள். ஜெயம்மாவும் ரூபாவும் கிடைக்கவில்லை. ரூபா முதலில் மரத்தில் ஏறிவிட்டாளாம். மாமியார் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டாள் என்று திரும்ப இறங்கியிருக்கிறாள். சுவர் இரண்டு பேர் மேலும் விழுந்திருக்கிறது. அடுத்த வீட்டு முனிசாமியும் போய்விட்டார். அவருக்குக் கண் தெரியாது.

சீனு கீழ் ஊர்களெல்லாம் முடித்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தான், அம்மாவும் பெண்டாட்டியும் அங்கே இருப்பார்கள் என்று. ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தான். பிறகு என் எதிரில் வந்து நின்றான்.

"பாத்துக்கறேன்னீங்களே சார்" என்றான்.

அவ்வளவுதான். கத்தவில்லை, சட்டையைப் பிடிக்கவில்லை. நான் அவனைப் பற்றி எழுதவேண்டி வந்தால் இன்றைக்கும் நல்லபடியாகத்தான் எழுதுவேன். ஈரத்தில் தொய்ந்துபோன தப்பட்டையை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அது சர்க்கார் சொத்து, ஒப்படைத்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வருத்தம் இல்லையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. மூன்று உயிர். ஆனால் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்க மாட்டேன். இந்த மாவட்டத்தில் எத்தனை ஏரிகளை வீடாகவும் பஸ் ஸ்டாண்டாகவும் மாற்றிவிட்டுக் கைநீட்டி வாங்கிக்கொண்டு நிம்மதியாக ரிட்டையர் ஆனவர்கள் இருக்கிறார்கள்? அவர்களுக்கெல்லாம் மாலை போட்டு அனுப்பிவைத்தீர்கள். ஒரே ஓர் ஏரியை ஏரியாக மீட்டவன் நான். போய்ப் பாருங்கள், இன்றைக்கு அந்த மேட்டில் ஒரு குடிசை இல்லை. கரை தெரியாமல் தண்ணீர் நிற்கிறது. யாருக்காக நான் இதைச் செய்தேன்? எனக்கு அங்கே ஒரு சென்ட் நிலம் உண்டா? யாராவது எனக்கு எதையாவது கொடுத்தார்கள் என்று நீங்கள் நிரூபித்தால், நீங்கள் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். வீட்டைச் சோதனை போட்டீர்கள், பேங்க்கைப் பார்த்தீர்கள், என்ன கிடைத்தது? மூன்று பழைய ஃபிளாஸ்க்.

சரி. மதியத்திலிருந்து சாயங்காலம் வரை எங்கே இருந்தேன் என்ற கேள்விக்கு வருகிறேன்.

தணிகைவேல் வீட்டில் இருந்தேன். கீழ் ஊர் விவசாயிகளின் நீர்ச் சங்கத் தலைவர், நான் சொன்ன மாந்தோப்பு அவருடையதுதான். அவசரப்பட்டு எழுதாதீர்கள், முழுக்கக் கேளுங்கள். அவர் வீடு கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. மழை பலமாக இருந்தது. ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். எப்போது அந்தப் பக்கம் போனாலும் அங்கே ஒரு நடை நுழைந்துவிட்டு வருவதுதான். மாடி ஹாலில் உட்கார்ந்தோம். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் முழுக்க ஏரிதான். "இப்பிடி ரொம்பி எத்தினி வருசம் ஆச்சு" என்று தணிகைவேல் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மனைவி தேவசேனா காபி கொண்டுவந்தார்கள். நல்ல காபி. அந்த வீட்டில் எப்போதும் நல்ல காபிதான்.

ஸ்ரீஹரியின் போன் மறுபடி மறுபடி அடித்ததும் நான் எழுந்தேன். "இன்னா அவசரம் சார், இந்த மழையில போய் நிக்கணுமா? இன்னொரு டம்ளர் சாப்டுங்கோ" என்றார் தணிகைவேல். உட்கார்ந்தேன். பேச்சுவாக்கில், "அந்த ஜனங்கள எங்க தோப்பாண்ட கொண்டாந்து குந்த வச்சிடாதீங்கோ, புண்ணியமா போவும்" என்றார். கோரிக்கை என்று இதைச் சொல்ல முடியாது. அந்த வீட்டில் முன்பும் பலமுறை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார்.

தேவசேனாதான் ஜன்னல் பக்கம் போனார்கள். "அய்யோ, அந்தாண்ட மரத்துல யாரோ சேலைய ஆட்டிக்கினு இருக்கறாப்பல இருக்குதே" என்றார்கள். நானும் பார்த்தேன். சிவப்புச் சேலை. "சாரல் அடிக்குது, ஜன்னல சாத்து" என்றார் தணிகைவேல். சாத்தினார்கள். நான் இரண்டாவது டம்ளரை முடித்தேன்.

இதை நீங்கள் கையூட்டு என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகத்தான் கடைசியில் வைத்தேன். நான் முதலில் சொன்ன வாக்கியம் அப்படியே நிற்கிறது. வெளி ஆள் கையால் நான் எதுவும் வாங்கியது கிடையாது. தணிகைவேல் வெளி ஆள் இல்லை. அவர்களும் நாங்களும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற வட்டம், மேடம், அங்கே போய் நான் எப்படி என் ஃபிளாஸ்க்கைத் திறப்பேன்? அது அன்றைக்கும் ஜீப்பிலேயேதான் இருந்தது, வழக்கம்போல.